மத்திகிரி: 1,641 ஏக்கர் புல்லும் அதன் ஓரத்தில் ஓர் ஊரும்

பள்ளியில் புவியியல் வாத்தியார் உலகத்துப் புல்வெளிகளை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வார். வட அமெரிக்காவில் பிரெய்ரி, தென் அமெரிக்காவில் பாம்பாஸ், தென் ஆப்பிரிக்காவில் வெல்டு, ரஷ்யப் பக்கம் ஸ்டெப்பி, ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ். ஐந்து மார்க் நிச்சயம். இந்தியாவுக்கு நேரே எதையும் எழுதச் சொன்னதில்லை. அதனால் நம் நாட்டில் காடு உண்டு, வயல் உண்டு, ராஜஸ்தானில் மணல் உண்டு, மிச்சமெல்லாம் "சும்மா கிடக்கிற இடம்" என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓசூரின் சாட்டிலைட் படத்தைத் திறந்து பாருங்கள். வடக்கே சிப்காட் ஷெட்டுகளின் வெள்ளைக் கூரைகள், நடுவே நெருக்கியடித்த தெருக்கள், சுற்றிலும் பாலித்தீன் கூடாரங்களும் கோடு போட்ட லேஅவுட்டுகளும். தென்மேற்கே மட்டும் பழுப்பும் பச்சையுமாகப் பெரிய திட்டு ஒன்று தெரியும். அதுதான் மத்திகிரி கால்நடைப் பண்ணை. அரசுக் கணக்கில் 1,641 ஏக்கர். பெங்களூரு லால்பாக் 240 ஏக்கர் என்பதால் கிட்டத்தட்ட ஏழு லால்பாக். எல்லாமே இயற்கைப் புல் என்று நினைத்துவிட வேண்டாம். தீவனச் சோளமும் கம்பு நேப்பியரும் பயிராகிற நிலம் உண்டு, கொட்டகைகள் உண்டு, உள்ளே ரோடு உண்டு. ஆனாலும் ஓசூரைச் சுற்றி இவ்வளவு பெரிய திறந்த மேய்ச்சல் நிலம் ஒரே வேலிக்குள் எப்படித் தப்பிப் பிழைத்தது என்ற கேள்வி என்னை விடவில்லை.

பதில் குதிரையில் இருக்கிறது.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. அது கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக் கீழ்நிலம். மலைக்கு மேலே இருக்கிற ஓசூர் மேட்டுநிலம் 1799ல் திப்பு இறந்த பிறகுதான் சேர்ந்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, சதுப்பு இல்லாத நிலம். 1824ல் கம்பெனி இங்கே ராணுவக் குதிரைகளுக்காக ஒரு டிப்போ தொடங்கியது. ஆங்கிலத்தில் ரிமௌண்ட் டிப்போ என்பார்கள். ராணுவத்துக்கு வாங்கிய குதிரைகளை வைத்துத் தேற்றி, பழக்கி, படைப்பிரிவுகளுக்கு அனுப்புகிற இடம். பழைய ஆங்கில ஆவணங்களில் ஓசூரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் ஊர்ப்பெயர் "ஊசூர்" என்று படிக்கிற மாதிரிதான் இருக்கும். இது தெரியாமல் நான் வீணாக்கிய ராத்திரிகள் நிறைய.

குதிரைப்படையின் அடிப்படைக் கணக்கைப் பார்த்தால் ஏன் இவ்வளவு நிலம் என்பது புரியும். 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குத் தோராயமாகப் பத்து கிலோ உலர்தீவனம் தின்னும். நூறு குதிரை என்றால் தினம் ஒரு டன், வருடத்துக்கு 365 டன். அன்றைக்கு லாரியும் கிடையாது, ரயிலும் கிடையாது. புல்லைத் தூரத்திலிருந்து கொண்டுவருவதைவிடப் புல் இருக்கிற இடத்துக்குக் குதிரையைக் கொண்டுபோவது லாபம். மெட்ராஸ் குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரர், அவருக்கு மேல் ஒரு புல்லறுக்கிறவர் என்று இரண்டு பேர். புல்லறுக்கிறவரின் வேலை தினம் வெளியே போய் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணை உதறி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவது. சிப்பாய்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள், இவர்களைப் பற்றி ஒரு வரி தேடி எடுப்பதே கஷ்டம். லாடம் அடிப்பவர், தோல் வேலை செய்பவர், கொள்ளு விற்பவர், வண்டிக்காரர் எல்லாரும் ஒரு குதிரை டிப்போவுக்கு வேண்டும். பண்ணை வாசலில் ஊர் வளர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. 1830களிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து இந்தியாவுக்குக் குதிரைகள் கப்பலில் வரத் தொடங்கின. அந்த வேல்ஸ் என்ற பேரை வைத்தே அவற்றை "வேலர்" என்றார்கள். வாரக்கணக்கில் கப்பலில் ஆடிவந்த குதிரை மெட்ராஸ் வெயிலில் தேறாது. மேட்டுநிலத்துக்கு ஏற்றி ஓய்வு கொடுக்க வேண்டும். நான் மனப்பாடம் செய்த "டவுன்ஸ்" புல்வெளி நாட்டுக் குதிரை, பாடப்புத்தகத்தில் பேர் இல்லாத நம்மூர்ப் புல்வெளிக்கு வந்து மேய்ந்திருக்கிறது.

வெள்ளைக்காரர்களுக்கும் இந்தக் குளிர் பிடித்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைப் பார்த்து ஓசூரில் ஒரு மாளிகை கட்டினார். இப்போது அது இடிந்து கிடக்கிறது. தளிக்கு "லிட்டில் இங்கிலாந்து" என்று பட்டப்பேர் உண்டு. அந்தக் கதைகளை எல்லாரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

1924ல், சரியாக நூறு வருடம் கழித்து, டிப்போ கால்நடைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் உலகப் போர் முடிந்திருந்தது. போருக்கு மோட்டார் வந்துவிட்டது. குதிரை போய் மாடு வந்தது. அன்றைக்கு யாராவது "இனிமேல் இவ்வளவு நிலம் எதற்கு, பிரித்து விற்றுவிடலாம்" என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். போடவில்லை.

இங்கே வந்த மாட்டினங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது சிவப்பு சிந்தி. பேரிலேயே ஊர் இருக்கிறது. கராச்சியைச் சுற்றிய சிந்து மாகாணத்து மாடு. வெயில் தாங்கும், உண்ணி அவ்வளவாகப் பிடிக்காது, நம் நாட்டு இனங்களில் பால் நன்றாகக் கறக்கும். 1947ல் அதன் சொந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அதன் பிறகு இந்தியாவில் சிவப்பு சிந்தி என்றால் முன்பே அரசுப் பண்ணைகளில் வந்து சேர்ந்திருந்த மந்தைகள்தான், அவற்றில் ஓசூர் மந்தைக்குப் பெயர் உண்டு. ஊரை விட்டு வந்த மாட்டுக்கு மத்திகிரிப் புல் ஊராகிவிட்டது. காங்கேயமும் உம்பளச்சேரியும் இங்கே உண்டு. கோழியின உற்பத்திக்கான கல்லூரி ஒன்றும் மத்திகிரியில் நடக்கிறது.

சரி, ஊர்? ஓசூரிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் மத்திகிரி. டீக்கடையில் உட்கார்ந்தால் நாலு பாஷை காதில் விழும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பஸ்ஸில் தமிழ் பேசி, கடைக்காரரிடம் உருதுவில் பேரம் பேசுகிற ஆட்கள் இங்கே அதிசயம் இல்லை. 1956ல் மொழிவழி மாநிலம் பிரித்தபோது இந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்ற சண்டை வந்ததற்குக் காரணமும் இதுதான். தெருவில் ராகித்தாள் போர் போட்டிருக்கும். ஆடியில் ராகி விதைத்து, இடையிடையே அவரையும் கடுகும் வரிசை விட்டு, கார்த்திகையில் அறுப்பார்கள். களி மனிதருக்கு, தாள் மாட்டுக்கு. உகாதி பெரிய பண்டிகை.

ஊர் ரொம்ப நாள் சின்னதாகவே இருந்தது. 1913ல் தர்மபுரியிலிருந்து ஓசூர் வரை வந்த குட்டி ரயில்பாதையைக்கூட 1941ல் இரண்டாம் உலகப் போரின்போது பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிறகு 1970களில் சிப்காட். 1980ஐ ஒட்டி அசோக் லேலண்ட், டிவிஎஸ், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன். மத்திகிரிப் பேரூராட்சி ஓசூர் நகராட்சியோடு சேர்க்கப்பட்டது. விரிந்த எல்லைக்கு 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2.45 லட்சம் மக்கள். 2019ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. என்னைப் போன்றவர்கள் பெங்களூரில் வேலை, ஓசூரில் வீடு என்று வந்து குவிந்தோம். மத்திகிரி இப்போது காகிதத்தில் மாநகராட்சியின் ஒரு பகுதி, காலையில் பார்த்தால் இன்னும் கிராமம்.

பண்ணையில் தினக்கூலியாக இருந்து வயதாகி நின்றுவிட்ட ஒருவரிடம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். புல்லை எப்போது அறுப்பீர்கள் என்று கேட்டேன்.

"பூ வந்ததும் அறுக்கணும் சார். ஐப்பசி மழை விடறதுக்கும் பூ முத்தறதுக்கும் நடுவுல பத்து பதினஞ்சு நாளுதான். விட்டா நாரு ஆயிரும், மாடு மூஞ்ச திருப்பிக்கும்."

"ஈரமா இருந்தா?"

"குழியில போட்டு மிதிச்சு மூடிருவோம். ஊறுகா மாதிரி."

கால்நடைத் துறைப் புத்தகங்களிலும் அதற்கு ஊறுகாய்ப்புல் என்றுதான் பேர். கலைச்சொல் அமைந்தால் இப்படி அமைய வேண்டும். காற்றுப் புகாமல் மூடிய பச்சைத் தீவனத்தில் லாக்டிக் அமிலம் உண்டாகி அழுகாமல் வைத்திருக்கிறது. நம் வீட்டு உப்பு மாங்காயில் நடக்கிற அதே வேலை.

இப்போது அறிவியலுக்கு வருகிறேன். ஓசூர்ப் பக்கம் வருடத்துக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றி மழை பெய்கிறது. இந்த மழைக்கு இங்கே காடு வர வேண்டும், ஆட்டையும் மாட்டையும் விட்டு அழித்ததால்தான் புல்லாகிக் கிடக்கிறது என்பது நெடுநாள் நம்பிக்கை. வெள்ளைக்கார வனத்துறை ஆரம்பித்து வைத்தது, நாமும் பிடித்துக்கொண்டோம். பெங்களூரு என்சிபிஎஸ்ஸைச் சேர்ந்த ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் போன்ற ஆய்வாளர்கள் இது தப்பு என்று காட்டியிருக்கிறார்கள். தீபகற்ப இந்தியாவின் மரமும் புல்லும் கலந்த வெளிகள் மனிதர்கள் இங்கே விவசாயம் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தவை. ஆடு மாடு மேய்வதும் அவ்வப்போது தீ பரவுவதும் இவற்றுக்கு நோய் கிடையாது, வாழ்க்கை முறை.

புல்லின் உடல்வாகைப் பாருங்கள். மரக்கன்றுக்கு வளரும் நுனி மேலே இருக்கிறது. ஆடு கடித்தால் போச்சு. புல்லுக்கு வளரும் இடம் அடியில், மண்ணை ஒட்டி. மேலே கடித்தாலும் எரித்தாலும் கீழிருந்து மறுபடி வரும். அதன் சொத்தெல்லாம் மண்ணுக்குக் கீழே வேரில் இருக்கிறது. காற்றிலிருந்து எடுத்த கார்பனின் பெரும்பங்கும் அங்கேதான். மரத்தைப் பார்த்ததும் கார்பன் கணக்குப் போடுகிற நமக்கு இது கண்ணில் படுவதில்லை. மேய்ச்சலை முழுசாக நிறுத்தினாலும் சிக்கல். புல் கிழடு தட்டும், உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் உள்ளே வரும். பார்த்தீனியத்துக்கு இந்தப் பக்கம் காங்கிரஸ் செடி என்று பேர், ஏன் என்பது தனி அரசியல் கதை.

இங்கே ஒரு பாவமன்னிப்பு. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த கம்பெனி சார்பில் ஒரு சனிக்கிழமை மரம் நடப் போனோம். டீஷர்ட், தொப்பி, பேனர், குரூப் போட்டோ. ஓசூருக்கு வெளியே ஒரு கிராமத்தில் "காலி நிலம்" என்று காட்டினார்கள். நானூறு குழி தோண்டி நட்டு, கம்பி வேலியும் போட்டோம். நாலு ஆடுகளோடு வந்த ஒரு அம்மா வேலியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, இதுங்க எங்க போவும்?" அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இல்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அந்த இடம் மேய்க்கால் புறம்போக்கு என்பதை அ-பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டது இரண்டு வருடம் கழித்து. அதற்குள் கன்றுகளில் பாதிக்கு மேல் காய்ந்து போயிருந்தன, வேலி மட்டும் நின்றது.

புறம்போக்கு என்ற சொல் இன்று வசவு. ஆனால் அது ஒரு கணக்குச் சொல். வரி விதிக்கிற நிலத்துக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்கியது: ஏரி, வண்டிப்பாதை, மயானம், மந்தை, மேய்க்கால். இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. 1792க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி போட்டது பாராமகாலில்தான். பின்னால் மெட்ராஸ் மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் முதல் அடி. வரி தராத நிலம் அந்தக் கணக்கில் "வீண்". இருநூறு வருடம் கழித்தும் மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத்தில் திறந்த புதர்வெளிகள் "வீண் நிலம்" என்ற தலைப்பில்தான் வருகின்றன. மதுசூதனும் அபி வனக்கும் 2022ல் வெளியிட்ட ஆய்வில் இந்தியாவின் நிலப்பரப்பில் சுமார் 10 சதவீதம் இப்படிப்பட்ட இயற்கைத் திறந்தவெளி என்று கணக்கிட்டார்கள். அதில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு.

பிரெய்ரி நாட்டில் என்ன ஆனது? இல்லினாய் மாநிலத்துக்குப் பட்டப்பெயரே பிரெய்ரி மாநிலம். 1820களில் அங்கே சுமார் 2.2 கோடி ஏக்கர் புல்வெளி இருந்தது. 1837ல் ஜான் டீர் அதே மாநிலத்தில் எஃகுக் கலப்பை செய்தார். ஒட்டுகிற கரிசலையும் அது அறுத்துக்கொண்டு போனது. இன்று நல்ல நிலையில் மிச்சமிருப்பது சுமார் 2,500 ஏக்கர் என்கிறார்கள். எங்கே மிச்சம் என்று பார்த்தால் ஆச்சரியம்: பழைய கல்லறைத் தோட்டங்களில், ரயில் தண்டவாளத்து ஓரங்களில். கலப்பை போக முடியாத இடங்கள். ஜோலியட் ஊரில் ராணுவத்தின் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த நிலத்தை 1996ல் தேசியப் புல்வெளியாக அறிவித்து, உழுதும் கட்டியும் போன இடங்களில் விதை பொறுக்கிவந்து மறுபடி புல் வளர்க்கிறார்கள். 2015ல் காட்டெருமைகளையும் கொண்டுவந்து விட்டார்கள். ராணுவத்துக்காகச் சுற்றி வளைத்த நிலம் என்பதால்தான் அங்கே அந்த வாய்ப்பு கிடைத்தது. மத்திகிரிக்கும் அதே அதிர்ஷ்டம். வித்தியாசம், அங்கே முதலிலிருந்து நட வேண்டியிருக்கிறது, இங்கே இன்னும் மாடு மேய்கிறது.

அதிர்ஷ்டம் எப்போதும் கைகொடுக்காது. மைசூர் மன்னர்கள் படைமாடுகளுக்காக ஒதுக்கிய புல்வெளிகளைக் கன்னடத்தில் காவல் என்பார்கள். வண்டியும் பீரங்கியும் இழுத்த அமிர்த மகால் மாடுகளின் நிலம் அது, அந்தப் பேரை வைத்தது திப்பு. சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரேயில் அப்படிப்பட்ட சுமார் 10,000 ஏக்கர் காவல் நிலம் இந்த நூற்றாண்டில் அணுசக்தி, ராணுவ ஆராய்ச்சி, விண்வெளி, உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆடு மேய்க்கிற, கம்பளி நெய்கிற ஊர்க்காரர்களில் பலருக்கு விஷயம் தெரிந்ததே மதில் எழும்பியபோதுதான். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்த காகிதத்தில் ஆடு இருந்திருக்காது.

2011ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே திருப்பித் தரச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஆக்கிரமிப்பாளரைப் பற்றியது. அரசே வகைமாற்றம் செய்தால் மேய்க்கால் என்ற பேர் ஒரு உத்தரவில் போய்விடும். மத்திகிரிப் பண்ணை புறம்போக்குகூட இல்லை, துறையின் சொந்த நிலம். அதனால்தான் தப்பித்தது. அதனாலேயே பஸ் ஸ்டாண்டுக்கோ அரசுக் கட்டடத்துக்கோ பெரிய இடம் வேண்டும் என்றால் எவர் கண்ணும் முதலில் அங்கே போகும். லேஅவுட் விளம்பரங்களில் "பண்ணைக்கு மிக அருகில், சுத்தமான காற்று" என்று போடுகிறார்கள். காற்றுக்கு விலை வைத்தாகிவிட்டது.

போன ஐப்பசி முடிவில் பண்ணையை ஒட்டிய ரோட்டோரமாக ஒரு மணி நேரம் நடந்தேன். வேலிக்கு வெளியே அரை ஆள் அகலத்துக்கு ஊசிப்புல் பூத்து நின்றது. அதன் விதைக்குக் கூரான முனையும் நீளமான முறுக்கு வாலும் உண்டு. ஈரம் பட்டால் வால் பிரியும், காய்ந்தால் முறுக்கும், அந்தத் திருகலில் விதை தானாகவே மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும். கம்பி மேல் பனங்காடை ஒன்று உட்கார்ந்திருந்தது, உள்ளே வானம்பாடி மேலே ஏறிக் கத்திவிட்டு இறங்கியது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் முப்பது நாற்பது விதைகள் குத்திக்கொண்டிருந்தன. பிடுங்கி ஒரு பேப்பரில் வைத்திருக்கிறேன். அந்த அம்மாவின் ஊரில் நாங்கள் போட்ட வேலி இப்போது ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறதாம், ஆடுகள் அந்த வழியாக உள்ளே போய் வருகின்றன என்று கேள்விப்பட்டேன். அடுத்த மழைக்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும்.